தழை பாலாகும் கணக்கு

40 கிலோ எடையுள்ள ஒரு வெள்ளாடு நாளுக்கு 2 லிட்டர் பால் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாபாரி, தலைச்சேரி, பீட்டல் போன்ற இனங்களில் நன்றாகப் பராமரிக்கப்படும் ஆட்டுக்கு இது எட்டாத அளவு அல்ல. அந்த 2 லிட்டரோடு சுமார் 90 கிராம் பால் சர்க்கரை, 75 கிராம் கொழுப்பு, 65 கிராம் புரதம், இரண்டரை கிராம் கால்சியம் அதன் உடம்பை விட்டுப் போய்விடுகின்றன. மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே அளவு. ஐந்து மாதம் இப்படிக் கறந்தால் 300 லிட்டர். தன் எடையைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் பாலாகக் கொடுத்திருக்கும் அந்த ஆடு. இத்தனையும் எங்கிருந்து வந்தது? அது தின்ற அகத்தித் தழையிலும் கடலைக்கொடியிலும் பால் சர்க்கரை துளியும் கிடையாது. கொழுப்பும் மிகக் குறைவு.

தழை எப்படிப் பாலாகிறது என்று தெரிந்துகொண்டால், கறவை ஆட்டுக்கு எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதற்கு விடை தானாக வந்துவிடும். ஆடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு" என்பதைத்தான் கேட்கிறார்கள். "எப்போது" என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இன்று கறக்கும் பால் இன்று வைத்த தீனியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆடு ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு அதன் தொட்டியில் என்ன விழுந்தது என்பதும் இன்றைய பாலில் இருக்கிறது.

மடியிலிருந்து பின்னோக்கிப் போவோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே பாப்ரகாம் என்ற ஊரில் உள்ள ஆய்வு நிலையத்தில் ஜேம்ஸ் லின்செல் என்ற உடலியல் அறிஞர் வெள்ளாட்டு மடியை வைத்தே தன் முக்கியமான ஆராய்ச்சிகளைச் செய்தார். மடிக்குள் நுழையும் ரத்தத்தில் என்னென்ன இருக்கின்றன, வெளியே வரும் ரத்தத்தில் எவையெல்லாம் குறைந்திருக்கின்றன என்று அளந்தால், குறைந்தது பாலுக்குப் போயிருக்க வேண்டும். இப்படிக் கணக்கிட்டபோது தெரிந்த ஒன்று இன்றும் வியக்க வைக்கிறது: 1 லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். இன்றைக்குப் பால் அறிவியல் என்று நாம் பசுவுக்குச் சொல்வதில் கணிசமான பகுதி இப்படி ஆட்டிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

மடி ரத்தத்திலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்ளும் பொருள் குளுக்கோஸ். 1 லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் தேவை. அதில் பெரும்பகுதி லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையாக மாறுகிறது. லாக்டோஸ் எவ்வளவு உருவாகிறதோ அதற்கேற்பத் தண்ணீர் மடிச் சுரப்பிக்குள் இழுக்கப்படுகிறது. பாலின் அளவைத் தீர்மானிப்பது இதுதான். பாலில் லாக்டோஸ் சதவீதம் அதிகம் ஏறி இறங்காது. குளுக்கோஸ் குறைந்தால் பால் நீர்த்துப்போவதில்லை, பாலே குறைந்துவிடுகிறது.

ஆனால் அசைபோடும் விலங்கின் ரத்தத்தில் குளுக்கோஸ் எப்போதுமே தட்டுப்பாடுதான். வெறும் வயிற்றில் நமக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் இருக்கும் இடத்தில் ஆட்டுக்கு 50 முதல் 75 வரைதான். நாம் சாப்பிடும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி நேரே ரத்தத்தில் சேர்கிறது. ஆடு தின்பது அப்படிச் சேர்வதில்லை. முதலில் அது பெருவயிற்றில், அதாவது நான்கு அறைகளில் மிகப் பெரிய அறையில், நுண்ணுயிர்களின் கையில் போய்ச் சேர்கிறது. அங்குள்ள நீரில் 1 மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும் தனி. தழையின் நாரைச் சிதைப்பது ஆடு அல்ல, இந்தக் கூட்டம். சிதைத்து இவை வெளிவிடும் அமிலங்கள் மூன்று: அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக். பெருவயிற்றின் சுவர் வழியாக இவை ரத்தத்தில் கலக்கின்றன. புரோபியோனிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது. அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் மடிக்குப் போய்ப் பால் கொழுப்பாகின்றன. அந்த நுண்ணுயிர்களும் முடிவில் அடுத்த அறைகளுக்குள் நழுவிச் செரிக்கப்படுகின்றன. பால் புரதத்தில் பெரும்பங்கு அவற்றின் உடல்தான்.

தானியம் அதிகமானால் புரோபியோனிக் அமிலம் கூடுகிறது, அதனால் குளுக்கோஸும் பால் அளவும் கூடுகின்றன. தழையும் நாரும் அதிகமானால் அசிட்டிக் அமிலம் கூடுகிறது, அதனால் கொழுப்பு கூடுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சமன் தேவை. கம்பும் மக்காச்சோளமும் போட்டால் பால் கூடும் என்று சொல்லும் விவசாயி தவறாகச் சொல்லவில்லை. ஒரு எல்லை வரை அது முழு உண்மை. எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் முன், காலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தீனிக் கணக்கில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி அது.

குட்டி போட்டதும் ஆட்டின் பால் வேகமாக ஏறி, 6 முதல் 8 வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் பசி அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆடு அதிகபட்சமாகத் தின்னத் தொடங்குவது 10 வாரத்துக்குப் பிறகுதான். இடைப்பட்ட இந்த வாரங்களில் எவ்வளவு நல்ல தீனி வைத்தாலும், வெளியே போகும் சத்து உள்ளே வரும் சத்தைவிட அதிகம். அந்தக் குறையை ஆடு தன் உடம்பிலிருந்து எடுத்து நிரப்புகிறது. வயிற்றுக்குள்ளும் நெஞ்செலும்பின் மேலும் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. எலும்பிலிருந்து கால்சியம் இறங்குகிறது. ஈன்ற ஆடு இரண்டு மாதத்தில் மெலிவது நோய் அல்ல, சினைக்காலத்தில் சேர்த்ததைச் செலவழிக்கிறது. ஆனால் சேர்த்து வைத்திருந்தால்தானே செலவழிக்க முடியும்? எலும்பும் தோலுமாக ஈன்ற ஆட்டுக்கு ஈன்ற பிறகு மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கிப் போட்டும் பால் ஏறவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. உச்சத்தில் எட்ட முடியாமல் போன அளவை அதன் பிறகு வரும் மாதங்களில் ஈடுசெய்வது மிகக் கடினம்.

ஆகவே கறவை ஆட்டின் தீனி சினையின் கடைசி 50 நாளில் தொடங்குகிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் கடைசி 50 நாளில் நடக்கிறது. மடியில் பால் சுரக்கும் செல்கள் பெருகுவதும் அப்போதுதான். ஆனால் வயிற்றில் இரண்டு மூன்று குட்டிகள் இருக்கும்போது அவை பெருவயிற்றை நெருக்குகின்றன. ஆட்டால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடிவதில்லை. தேவை உச்சத்தில், இடமோ குறைவு. வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டையும் மட்டும் வைத்தால் வயிறு நிரம்பும், சத்து சேராது. அளவு சிறியதாகவும் சத்து செறிந்ததாகவும் உள்ள தீனி வேண்டும். நல்ல தழையோடு, 100 கிராம் அடர்தீவனத்தில் தொடங்கி ஈனும் நேரத்துக்குள் 300, 400 கிராமுக்குப் படிப்படியாக உயர்த்துவது வழக்கம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. ஈன்றபின் வரப்போகும் தீனிக்கு நுண்ணுயிர்க் கூட்டம் முன்கூட்டியே பழகிவிடுகிறது.

இந்தக் காலத்தைத் தவறவிட்டால் விளைவு பாலில் மட்டும் தெரிவதில்லை. குட்டிகளுக்கு வேண்டிய குளுக்கோஸ் போதாமல் ஆடு தன் கொழுப்பை அளவுக்கு மீறிக் கரைக்கும்போது கல்லீரல் திணறிக் கீட்டோன்கள் என்ற பொருள்களை ரத்தத்தில் விடுகிறது. ஆடு தீனியைத் தொடாது, தள்ளாடும், மூச்சில் ஒரு வகை இனிப்பு வாடை வரும், கடைசியில் படுத்துவிடும். சினை நச்சு என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மெலிந்த ஆட்டுக்கு மட்டும் அல்ல, அளவு கடந்து கொழுத்த ஆட்டுக்கும் இது வரும். நடுத்தர உடல்வாகுதான் பாதுகாப்பு. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரோமம் ஏமாற்றும். இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் மேல் விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். முள் முள்ளாகத் தட்டுப்பட்டால் ஆடு மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. சற்றே அழுத்தினால் எலும்பு தெரிவதுதான் சரியான நிலை.

இனி அளவு. 2 லிட்டர் கறக்கும் 40 கிலோ ஆட்டுக்கு அதன் எடையில் 4 முதல் 5 சதவீதம் உலர்பொருள் நாளுக்கு வேண்டும்; அதாவது 1.6 முதல் 2 கிலோ. உலர்பொருள் என்றால் தண்ணீர் போக மிஞ்சும் எடை. பசுந்தழையில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் 4 கிலோ பசுந்தழை வைத்தால் 1 கிலோ உலர்பொருள்தான் கிடைக்கும். அதோடு கடலைக்கொடி அல்லது உளுந்து, துவரைப் பொட்டு கால் கிலோ, அடர்தீவனம் 600, 700 கிராம் என்று வைத்தால் கணக்கு சரியாகிறது. லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் அடர்தீவனம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, தழை சுமாராக இருக்கும் இடத்துக்கு. அகத்தி, வேலிமசால், குதிரைமசால் தாராளமாகக் கிடைக்கிற வீட்டில் இதைவிடக் குறைத்தும் கறக்க முடியும். அரை லிட்டர், முக்கால் லிட்டர் கொடுக்கும் நாட்டு ஆட்டுக்கு நல்ல தழையோடு இரண்டு கைப்பிடி போதும். எந்த ஆட்டுக்கும் மொத்த உலர்பொருளில் பாதிக்கு மேல் அடர்தீவனம் போகக் கூடாது, கொடுப்பதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தே கொடுக்க வேண்டும்.

அந்த எல்லையைத் தாண்டும்போது என்ன நடக்கிறது? மாவுச்சத்து பெருவயிற்றில் நாரைவிடப் பல மடங்கு வேகமாகச் சிதைகிறது. அமிலம் உருவாகும் வேகத்துக்கு அதை உறிஞ்சும் வேகம் ஈடுகொடுக்காது. வழக்கமாக 6-க்கு மேல் இருக்கும் கார அமில அளவு 5.5-க்குக் கீழே இறங்கியதும் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மடிகின்றன, லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, அமிலம் இன்னும் கூடுகிறது. இதைத் தடுக்க இயற்கை கொடுத்திருக்கும் மருந்து உமிழ்நீர். அதில் சோடியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. ஆனால் உமிழ்நீர் ஊறுவது மெல்லும்போதும் அசைபோடும்போதும்தான். தழையையும் கொடியையும் ஆடு மணிக்கணக்கில் மெல்லும். மாவை நக்கி விழுங்கிவிடும்.

நம் ஊரில் இந்த அமில நோய்க்கு வழி செய்வது பெரும்பாலும் தீவன மூட்டை அல்ல, சாதம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பண்டிகைப் பொங்கல், ரேஷன் அரிசிக் கஞ்சி. வெந்த அரிசியின் மாவுச்சத்து பச்சரிசியைவிட வேகமாகப் புளிக்கிறது. வீட்டில் மிஞ்சியதை வாயில்லா ஜீவனுக்குப் போடுவோம் என்ற அன்பில்தான் வைக்கிறார்கள். ஒரே வேளையில் ஒரு சட்டி சோறு தின்ற ஆடு மறுநாள் வயிறு உப்பி, கழிந்து, எழ முடியாமல் கிடக்கும். ஆட்டுக்கு வெந்த சோறு கூடாது என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். அப்படி நேர்ந்துவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட உயிரைப் பறித்துவிடும்.

மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லில் ஒரே நாளில் மேயவிடுவதும் ஆபத்துதான். தீனி சட்டென்று மாறும்போது குடலில் வழக்கமாகவே வாழும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்குகிறது. நன்றாக இருந்த ஆடு துள்ளி விழுந்து இறக்கும் இந்த நோயைத் துள்ளுமாரி என்கிறோம். தடுப்பூசி உண்டு. அதோடு எந்தப் புதுத் தீனியையும் 10 நாள், 15 நாள் எடுத்துப் பழக்குவதும் அவசியம். நுண்ணுயிர்க் கூட்டம் தன்னை மாற்றிக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும்.

உயிருக்கு ஆபத்து வராத அளவிலும் அமிலம் தொல்லை தரும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன பிரான்ஸில், சானென், ஆல்பைன் இன ஆடுகளுக்கு அடர்தீவனம் கூடி நார் குறையும் பண்ணைகளில் பால் கொழுப்பு இறங்கி, புரதத்தைவிடக் குறைந்துபோவதுண்டு. பாலாடைக்கட்டி செய்பவருக்கு அது நேரடி நட்டம். ஆடு கறக்கும் அளவைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கொழுப்பை அளந்தால்தான் பெருவயிற்றின் நிலை தெரியும். நம்மிடம் ஆட்டுப்பாலுக்குக் கொழுப்பு அளந்து விலை கொடுக்கும் இடங்கள் அரிது. ஆனால் அசைபோடுவதைப் பார்க்கக் கருவி வேண்டாம். தின்று முடித்துப் படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் நார் போதுமானது.

புரதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு ஆட்டுக்காரருக்குப் புரதம் என்றால் மரம்தான். அகத்தியின் உலர்பொருளில் கால் பங்கு வரை புரதம். முருங்கை, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, மல்பெரி, சவுண்டல் எல்லாமே புரதம் மிகுந்த தழைகள். தென் மாவட்டக் கரிசல் காடுகளில் கன்னி, கொடி ஆடுகள் கோடை முழுவதும் வேல நெத்திலும் குடைவேல் நெத்திலும் உயிர் வாழ்கின்றன. துரட்டியோடு போகும் பெண் கிளையை வளைத்து உலுக்குவதும், ஓடிவரும் ஆடுகளும் அங்கே அன்றாடக் காட்சி. அந்த நெத்தும் தழையும் காசு கொடுக்காமல் வருகிற அடர்தீவனம் என்றே சொல்லலாம்.

இவற்றில் சவுண்டல், அதாவது சூபாபுல் தழையின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. நல்ல புரதம் உள்ள அந்தத் தழையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. பெருவயிற்றுப் பாக்டீரியாக்கள் அதை இன்னொரு பொருளாக மாற்றுகின்றன. அதுவும் தைராய்டைப் பாதிக்கும் நச்சு. ஆஸ்திரேலியாவில் சூபாபுல் மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துச் சுரப்பி வீங்கியது, எடை குறைந்தது. ஆனால் ஹவாய்த் தீவுகளிலும் இந்தோனேசியாவிலும் ஆடுகள் அதையே வயிறு நிறையத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1981-ல் ஒரு கேள்வியை எழுப்பினார்: வித்தியாசம் செடியிலும் இல்லை, ஆட்டிலும் இல்லை, பெருவயிற்றில் குடியிருக்கும் ஏதோ ஒரு பாக்டீரியாவில் இருக்குமோ? இந்தோனேசிய ஆட்டின் பெருவயிற்று நீரை ஆஸ்திரேலிய ஆடுகளின் பெருவயிற்றில் செலுத்திப் பார்த்தபோது அவையும் நச்சை முறிக்கத் தொடங்கின. 1984-ல் அந்த முடிவு வெளியானது. பின்னர் ஹவாய் ஆடுகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் ஆஸ்திரேலிய மாடுகளுக்கும் கொடுக்கப்பட்டன. நச்சை முறிக்கும் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்து 1992-ல் பெயர் சூட்டியபோது ஜோன்ஸைச் சிறப்பிக்கும் வகையில் சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று வைத்தார்கள். ஒரு ஆட்டின் வயிற்றிலிருந்து இன்னொரு விலங்கின் வயிற்றுக்கு அறிவைப்போல ஒரு திறமையைக் கொண்டுசேர்க்க முடிந்தது. எல்லா மந்தையிலும் அந்தப் பாக்டீரியா இருக்கும் என்று நம்பிவிட முடியாது; ஆகையால் சவுண்டல் தழை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், மற்றத் தழைகளோடு கலந்து கொடுப்பதே நல்லது.

தழை போதாத இடத்தில் புரதத்துக்குப் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கைத் தின்னாத ஆடு இல்லை. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை ஆட்டுக்குத்தானே என்று தள்ளிவிடும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டிக்க வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதிலிருந்த பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. கறவை ஆடு அதைத் தின்றால் நச்சின் ஒரு பகுதி வடிவம் மாறி ஒரு நாளுக்குள் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1 கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. அந்தப் பாலை முதலில் குடிப்பது குட்டியும் வீட்டுப் பிள்ளையும்.

வெள்ளாடு புல்லைவிடத் தழையை விரும்பும் விலங்கு. அசையும் மேலுதடும் ஒடுங்கிய வாயும் முள்ளுக்கிடையே இலையைப் பொறுக்கி எடுக்க ஏற்றவை. துவர்ப்பான தழைகளில் உள்ள டானினைச் செம்மறியாட்டையும் மாட்டையும்விட அது நன்றாகத் தாங்கும். மிதமான அளவு டானின் தழையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அது பெருவயிற்றில் வீணாகச் சிதையாமல் குடல் வரை போய்ச் சேர உதவுகிறது. ஆகவே பட்டியில் அடைத்து ஒரே ஒரு கம்பு நேப்பியர் புல்லை நாள்தோறும் வெட்டிப்போடும் முறை எனக்கு ஆட்டுக்கு இழைக்கும் அநீதியாகவே படுகிறது. அந்தப் புல் விளைச்சலில் சிறந்தது, மாட்டுக்கு நல்லது. ஆனால் முற்றிய தண்டை ஆடு ஒதுக்கும். இலையை மட்டும் தின்று பசியோடு நிற்கும். வளர்ப்பவர் வைத்த எடையைக் கணக்கில் எழுதுவார், ஆடு தின்ற எடை வேறு. புல் வைத்தாலும் மூன்று நான்கு வகைத் தழை கூடச் சேர வேண்டும். தழையைத் தரையில் போடாமல் கட்டாகக் கட்டி, தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் ஆடு அண்ணாந்து ஆவலோடு தின்னும், மூத்திரமும் புழுக்கையும் படாது, மண்ணோடு வரும் குடற்புழுவும் குறையும். பத்தில் ஒரு பங்கு மீதம் விழுந்தால் அதை விரயம் என்று எண்ண வேண்டாம். மீதமே இல்லை என்றால் ஆட்டுக்குப் பொறுக்க வாய்ப்பே தரவில்லை என்று பொருள்.

தாது உப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடர்தீவனத்தில் நூற்றுக்கு 2 பங்கு தாது உப்புக் கலவை, 1 பங்கு சமையல் உப்பு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அகத்தி, கடலைக்கொடி போன்ற பயறு வகைத் தழைகளில் கால்சியம் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டும். தவிட்டை மட்டுமே நம்பி வளர்க்கும் கிடாய்களுக்குச் சிறுநீர்க்கல் வருவதும் இந்தச் சமன் குலைவதால்தான்.

தண்ணீரைத் தீவனம் என்று யாரும் எண்ணுவதில்லை. பாலில் 87 சதவீதம் தண்ணீர். உடம்பின் வழக்கமான தேவைக்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆட்டுக்கு வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தொட்டி காலியாக இருந்தால் அன்று மாலையே பால் குறையும். காய்ந்த தீனி தின்ற ஆடு தாகத்தோடு நின்றால் அதற்குப் பிறகு தின்னவும் மறுக்கும். வெள்ளாடு அழுக்குத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் விலங்கு; பாசி பிடித்த தொட்டி நிரம்பியிருந்தும் ஆடு தாகத்தில் இருக்கலாம்.

ஆட்டுப்பால் வாடை அடிக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் பலர். அந்தப் பாலின் கொழுப்பில் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற குறுகிய கொழுப்பு அமிலங்கள் சுமார் 15 சதவீதம். பசும்பாலில் அதில் பாதி அளவே. கொழுப்புக்குள் கட்டுண்டு இருக்கும் வரை அவை நாறுவதில்லை. பாலை முரட்டுத்தனமாகக் குலுக்கினாலோ ஆறவிடாமல் வைத்தாலோ பாலில் உள்ள நொதி அவற்றைப் பிரித்துவிடுகிறது, வாடை வருகிறது. கிடாயைக் கறவை ஆட்டோடு ஒரே கொட்டிலில் கட்டுவது இன்னொரு காரணம். மூன்றாவது தீனி: வெங்காயத்தாள் போன்ற மணமுள்ளவற்றைக் கறப்பதற்குச் சற்று முன் தின்னக் கொடுத்தால் அந்த மணம் மூச்சின் வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் பாலுக்கு வந்துவிடும். கறந்த பிறகு கொடுத்தால், அடுத்த கறவைக்குள் அது போய்விடும். சுத்தமாகக் கறந்து உடனே காய்ச்சிய ஆட்டுப்பாலைச் சொல்லாமல் கொடுத்தால் பலருக்கும் வித்தியாசம் தெரியாது.

இவையெல்லாம் பால் கறந்து விற்பவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2019-ன் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. உலகில் ஆட்டுப்பால் அதிகம் உற்பத்தியாவதும் இங்கேதான். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஆட்டைக் கறப்பதில்லை. தேநீருக்கு ஒரு தம்ளர் எடுப்பதோடு சரி, மீதியைக் குட்டிகள் குடிக்கின்றன. அந்தக் குட்டிகள்தான் விற்பனைக்கு. இரட்டைக் குட்டியில் ஒன்று கொழுகொழுவென்றும் ஒன்று வற்றலாகவும் நிற்பதும், முதல் மாதத்தில் குட்டிகள் சாவதும் பெரும்பாலும் தாயின் பால் போதாததால். கறக்காத ஆடும் கறவை ஆடுதான். அதற்கும் சினையின் கடைசி மாதத்தில் அந்த இரண்டு கைப்பிடி வேண்டும். நிலமில்லாத பெண்கள் வளர்க்கும் ஐந்தாறு ஆடுகளுக்கு இது எட்டக்கூடிய செலவு. புறம்போக்கும் ஏரிக்கரையும் வேலி போட்டு அடைபட்ட ஊர்களில் தழை கிடைப்பதுதான் அதைவிடப் பெரிய பாடு. வரப்பிலும் வேலியோரத்திலும் பத்து அகத்தியும் நான்கு கிளைரிசிடியாவும் நட ஊராட்சிகள் உதவினால் இலவச ஆடு கொடுப்பதற்கு இணையான நன்மை அது.

மூன்றாம், நான்காம் மாதத்தில் பால் மெல்ல இறங்கத் தொடங்கும்போது பலர் தீனியைச் சட்டென்று குறைத்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டியதுதான், ஆனால் பாலைத் தொடர்ந்து சற்றுப் பின்னாலேயே குறைக்க வேண்டும். ஆடு இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்ப்பது இந்த மாதங்களில்தான். மறுபடி சினைக்கு விடும்போது முதுகில் விரல் வைத்துப் பார்த்து, மெலிவாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் தீனியைக் கூட்டிவிட்டுக் கிடாயிடம் சேர்த்தால் இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு கூடும். அடுத்து ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். அதற்கு அடர்தீவனத்தைச் சில நாளுக்கு முழுவதும் நிறுத்தி, உலர்ந்த தீனியும் கொஞ்சம் புல்லும் மட்டும் வைத்தால் போதும், பால் தானே வற்றும். தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது. மடி சுருங்கி, சுரப்பு நின்றதும் நல்ல தழையை மீண்டும் தொடங்கலாம். ஒரு வாரம் கழித்து அதே 100 கிராமிலிருந்து அடர்தீவனத்தையும்.